நீலகிரியின் பழைய மாளிகைகள்

அவலாஞ்சிக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஜெர்மனியில் கிராமத்துக் கோட்டைகளையும் மாளிகைகளையும் பார்த்துவிட்டு வந்த மகன், இங்கேயும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்கிறான். எங்கே கூட்டிப்போகலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

நீலகிரியில் கோட்டை கொத்தளத்தைவிட பங்களாக்களே அதிகம். அவலாஞ்சியில் ஏரியும் சோலையும் 1907-ல் தொடங்கிய டிரவுட் மீன் பண்ணையும் உண்டு. பழைய வீடுகளுக்கு ஊட்டியும் கோத்தகிரியும்தான் இடம்.

முதலில் பார்க்க வேண்டியது கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் உள்ள பெத்தக்கல் பங்களா. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டியது. மலையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. பாழடைந்து கிடந்ததை மீட்டு, சிவப்புச் சுவர்களோடு நினைவகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே பழைய நீலகிரியின் படங்களும், தோடர், படகர், கோத்தர் வாழ்க்கை பற்றிய தகவல்களும் உள்ளன. சிறுவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதே சல்லிவன் 1822-ல் ஊட்டியில் எழுப்பத் தொடங்கிய கல் பங்களா, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அனுமதி கேட்டு உள்ளே போகலாம். மைசூர் மகாராஜாவின் ஃபெர்ன்ஹில் அரண்மனை, பின்னாளில் ஓட்டலானது. புனித ஸ்டீபன் தேவாலயத்தையும் விடக்கூடாது: அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை.

கோத்தகிரிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அவலாஞ்சியை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.