டவர் வந்தால் மூளை கெடுமா?

இடுக்கி மாவட்டம், மூணாறு மலை. தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயம். மாலை நேரம். கொழுந்து எடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பினார்கள்.

லயத்துக்குப் பக்கத்தில் செல்போன் டவர் வரப் போகிறது. அதுதான் எங்கும் பேச்சு. பாட்டிக்குப் பயம்.

"டவர்ல இருந்து கதிர் வருமாம். மூளையில கட்டி வருமாம். நமக்கு வேண்டாம்" என்றார்.

அங்கே ஆஷா பணியாளர் வந்தார்.

"பாட்டி, செல்போன் கதிர் ரேடியோ அலைதான். வீட்டு ரேடியோவுக்குப் பாட்டு வருவதும் அப்படித்தான். எக்ஸ்ரே வேறு. அதற்கு வலு மிக அதிகம். ரேடியோ அலைக்கு அந்த வலு இல்லை" என்றார்.

"அப்புறம் ஏன் பயப்படுறாங்க அக்கா?" என்று பேத்தி கேட்டாள்.

"2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 'ஒருவேளை புற்றுநோய் வரலாம்' என்ற வரிசையில் இதைச் சேர்த்தது. அப்போது சான்று குறைவு. பிறகு அந்த நிறுவனம் 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. 2024இல் முடிவு வந்தது. செல்போனால் மூளைப் புற்றுநோய் கூடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் பேசியவர்களுக்கும் கூடவில்லை."

"டவருக்குக் கட்டுப்பாடு உண்டா?"

"உண்டு. 2012 செப்டம்பரில் மத்திய அரசு டவர் கதிரின் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. போனுக்கும் அளவு வைத்தது."

அவர் மேலும் சொன்னார்:

"தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட நாம் கத்துகிறோம். போனும் அப்படித்தான். சிக்னல் குறைந்தால் அதிக வலுவுடன் அலை அனுப்பும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசும். காதோரம் கதிர் குறையும்."

பாட்டி பேசவில்லை. அவருக்குப் பெட்டிமுடி நினைவு வந்தது. 2020 ஆகஸ்ட் 6, இரவு. கொட்டும் மழை. மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. மின்சாரம் இல்லை. போன் இணைப்பும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே செய்தி தெரிந்தது.

"அன்னைக்கு ஒரு போன் போயிருந்தா..." என்றார் பாட்டி. குரல் அடைத்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "டவர் வரட்டும்மா."

நினைவில் வைப்போம்

1. சிக்னல் குறைந்த இடத்தில் நீண்ட நேரம் பேச வேண்டாம்.
2. நிறையப் பேச வேண்டுமா? ஸ்பீக்கரில் பேசலாம். தலைக்கும் போனுக்கும் இடைவெளி இருந்தால் கதிர் வெகுவாகக் குறையும்.
3. இரவில் போன் பார்த்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் தலை வலிக்கும்.
4. வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது. இது உயிருக்கே ஆபத்து.
5. தலைவலி விடவில்லையா? வலிப்பு வந்ததா? பார்வை மங்குகிறதா? போன்தான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பேசுவோம்

1. பாட்டி முதலில் ஏன் பயந்தார்? பிறகு ஏன் மனம் மாறினார்?
2. உங்கள் ஊரில் சிக்னல் எங்கே கிடைக்கும்? அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? அந்த எண்ணை எழுதுங்கள்.