ஆறு எழுத்துகளின் சுமை

கேள்வி: சிலர் சேர்ந்து ஒரு திறமூல மென்பொருளைப் பராமரிக்கிறோம். ‘சின்ன வசதிதானே, சேர்த்தால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகர், திருவனந்தபுரம்

பதில்: வசதி சின்னதா என்று பார்க்காதீர்கள், பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் ஊர் மொழியிலேயே சான்று இருக்கிறது. உயிரொலி சேராத மெய்யைக் குறிக்கும் மலையாளச் சில்லெழுத்தை முன்பு மெய்யெழுத்து, சந்திரக்கலை என்னும் மேற்குறி, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஆகியவற்றைச் சேர்த்துக் குறித்தார்கள். 2008இல் யுனிகோடு தரநிலையின் 5.1 பதிப்பு ஆறு சில்லுகளுக்குத் தனிக் குறியீடு தந்தது. தேவை உண்மையானதுதான்: இணைப்புக்குறி எங்காவது உதிர்ந்துவிட்டால் மலையாளத்தில் ‘அவன்’ என்ற சொல் ‘அவனுக்கு’ என்று பொருள் மாறிவிடும். ஆனால் பழைய முறையில் தட்டச்சிட்டவை அப்படியே கிடந்தன; இரண்டும் ஒன்றே என்று தரநிலை அறிவிக்கவும் இல்லை. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் ஆர்வலர்கள் தனிக் குறியீட்டை அப்போதே எதிர்த்தார்கள். திரையில் ஒரே மாதிரி தெரியும் சொல், தேடினால் சிக்காமல் போகும். தேடல், அகரவரிசை, பிழைதிருத்தி எல்லாமே இன்றும் இரண்டு வடிவங்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. யுனிகோடோ ஒருமுறை சேர்த்த எழுத்தை நீக்குவதே இல்லை.

மறுத்துக்கொண்டே இருந்தால் புதியவர்கள் விலகிவிடுவார்களே என்பீர்கள். நியாயமான கவலை. ஒரு பொத்தானோ நிறத் தேர்வோ என்றால் தாராளமாகச் சேருங்கள். சரிப்படாவிட்டால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம். செருகுநிரலாக வெளியே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் பயனரின் கோப்புக்குள் போய் உட்காரும் எதையும், அது நான்கு வரி நிரலே ஆனாலும், பழைய கோப்புகளை மாற்றித் தரும் கருவியோடு வந்தால் மட்டும், அதைப் பராமரிக்க ஒருவர் பொறுப்பேற்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.