விண்டோஸுக்கும் ஒரு நகல் வேண்டுமா?

கேள்வி: படங்கள், கோப்புகளை நகலெடுத்து வைத்திருக்கிறேன். விண்டோஸையும் எடுத்து வைக்க வேண்டுமா?
– வாசகர், செம்மநத்தம், ஏற்காடு

பதில்: வேண்டும். மறுபடி நிறுவிக்கொள்ளலாமே என்பீர்கள். நிறுவலாம், ஆனால் பிரிண்டர் டிரைவர், தமிழ் விசைப்பலகை, டேலி, அப்டேட்டுகள் என ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குள், நெட் மெதுவாக இருந்தால், ஒரு நாளே போய்விடும். முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுத்திருந்தால் சில மணி நேரத்தில் கணினி பழைய நிலைக்கு வந்துவிடும். சிஸ்டம் ரெஸ்டோர் போதாதா? போதாது, அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸ், விண்டோஸ் வைத்திருந்த மீட்பு நகல்களை அழித்தது. செருகியிருந்த வெளி டிஸ்க்குகளையும் விடவில்லை. மலையில் இடி இடிக்கும்போது மின்சாரம் எகிறினாலும் இதே கதைதான். ஆகவே, இலவசமாகக் கிடைக்கும் குளோன்சில்லா மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, வெளி ஹார்டு டிஸ்க்கில் இமேஜ் எடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள். அந்தப் பென் டிரைவையும் பத்திரப்படுத்துங்கள்.