இருதயத் தமனி அடைப்பு: சிகிச்சையின் பயனும் செலவும்

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, நாளடைவில் வழி குறுகிவிடுகிறது. இதற்குச் செய்யப்படும் சிகிச்சைகள் இரண்டு. கை அல்லது தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை விரித்து வழியை அகலப்படுத்துவது ஒன்று. இதனை 1977-இல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூயன்ட்சிக் முதன்முதலாக நிகழ்த்தினார். வழி மீண்டும் சுருங்காதிருக்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழல் இப்போது பொருத்தப்படுகிறது. மற்றது, வேறிடத்து இரத்தக் குழாயைக் கொண்டு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவை.

தூர்ந்த வாய்க்காலை வாரினால் நீர் ஓடுவதுபோல, அடைப்பை நீக்கினால் ஆயுள் நீளும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் தமனி வாய்க்கால் அன்று. மாரடைப்பு பெரும்பாலும் மிகக் குறுகிய இடத்திலேயே தோன்றுவதில்லை. சிறிய படிவொன்று வெடித்து, அங்கு இரத்தம் உறைவதாலும் தோன்றுகிறது. ஸ்டென்ட் ஓரிடத்தையே சீராக்கும். மருந்தோ தமனிகள் அனைத்திலும் செயற்படும்.

மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போது செலவைப் பற்றிய தயக்கத்துக்கு இடமில்லை. உடனே வழியைத் திறப்பது உயிரைக் காக்கும். வசதியுள்ள மருத்துவமனை தொலைவிலிருப்பின், உறைவைக் கரைக்கும் ஊசியை முதலில் போடுவர்.

நடந்தால் மட்டும் மார்பு வலிக்கும் நிலையான நோயாளியின் நிலை வேறு. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேரும், 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேரும் கலந்துகொண்டனர். நல்ல மருந்துச் சிகிச்சையுடன் இம்முறைகளையும் சேர்த்ததால் மரணம் குறைந்ததாக இரண்டிலும் காணப்படவில்லை. வலி தணிந்தது உண்மை. அடிக்கடி வலி காண்போருக்கு அது பெரும் பயனே. இடது முதன்மைத் தமனியில் கடும் அடைப்பு உள்ளவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது. பல தமனிகளில் அடைப்புள்ள நீரிழிவு நோயாளிகளுக்கு ஸ்டென்டைவிட பைபாஸே மேலானது என 2012-இல் ஃப்ரீடம் ஆய்வு காட்டிற்று. பக்கவாத அபாயம் மட்டும் அறுவையில் சற்று மிகுதி.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் உச்சவிலையாக விதித்தது. பின்னர் இவை திருத்தப்பட்டுள்ளன. எனினும் ஸ்டென்டின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதியே. பொருத்திய பின் உறைவைத் தடுக்கும் இரு மருந்துகளைப் பல மாதங்கள் இடைவிடாது உண்ண வேண்டும். நிலத்தை அடகு வைத்து ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு, மாத்திரை வாங்கப் பணமின்றி நிறுத்திவிடுபவர், ஸ்டென்டிலேயே இரத்தம் உறையும் அபாயத்துக்கு ஆளாகிறார். இச்செலவைக் குடும்பத்தார் முன்கூட்டியே கணக்கிடுமாறு களப்பணியாளர் கூறுதல் வேண்டும்.

மருந்து உண்டும் வலி நீடிக்கிறதா, அடைப்பு எத்தமனியில் உள்ளது, இருதயத்தின் இறைக்கும் திறன் எவ்வளவு என்னும் வினாக்களை மருத்துவரிடம் கேட்கலாம். சோதனை அறையின் வாயிலில் நிற்கும் உறவினரிடம் சில நிமிடங்களில் கையொப்பம் கேட்பதும் உண்டு. நிலையான நோயாளிக்கு அவ்விரைவு தேவையில்லை.