தண்ணீரைக் கேட்டுத் தேதி குறியுங்கள்

ஒகேனக்கல்லில் பாறை இடுக்குகளுக்குள் புகுந்து இரைச்சலோடு விழுகிற காவிரி, கீழே மேட்டூரில் அக்கரை தெரியாத அளவுக்குப் பரந்து நிற்கிறது. காலையில் பள்ளத்தாக்கு, மாலையில் ஏரி என்று இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். சேலத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ கிளம்புகிறவர்களுக்கு அறை வாடகை கிடையாது, கார் வாடகையும் தேவையில்லை. பெரியவர்களும் பிள்ளைகளுமாக எங்கள் குடும்பம் இந்த வழியில் வெவ்வேறு பருவங்களில் போய் வந்திருக்கிறது. செலவைக் கட்டுக்குள் வைக்க நான் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விடுமுறை நாளைப் பார்த்துத் தேதி குறிக்கக் கூடாது, தண்ணீரைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

நீர்வரத்தைப் படியுங்கள்

தமிழ் நாளிதழ்களில் காவிரி நீர்வரத்து பற்றிய சிறு செய்தி தவறாமல் வரும். ஒகேனக்கல்லுக்கு விநாடிக்கு எத்தனை கனஅடி வருகிறது, மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்ற இரண்டு எண்கள் அதில் இருக்கும். கர்நாடகத்திலிருந்து வரும் நீரை மத்திய நீர்வள ஆணையம் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறது. விவசாயிகள் கவலையோடு பார்க்கிற இந்த எண்கள், சுற்றுலா போகிறவருக்கும் முதல் வழிகாட்டி.

ஒகேனக்கல்லில் வானம் வெளுத்திருந்தால் ஆறும் அமைதியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஆற்றைப் பெருக வைக்கும் மழை பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்கிறது. அங்கே தென்மேற்குப் பருவமழை வலுத்து, கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால், இங்கே ஒரு துளி விழாமலே வெள்ளம் வந்துவிடும். அங்கே திறந்த நீர் இங்கு வந்து சேர ஒன்றிரண்டு நாளாகும். ஆகவே கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே அந்த அணைகளின் நீர் திறப்புச் செய்தியையும் சேர்த்துப் படிக்கிறேன். எண் ஏறிக்கொண்டே போனால் பயணத்தைத் தள்ளிப்போடுவேன். நீர்வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை விதிக்கும். தடை நாளில் போனால் பேருந்துக் கட்டணம் முழுக்க வீண்.

மூன்று நீர்மட்டம், மூன்று திட்டம்

வெள்ளம் வந்தால் பயணமே இல்லை என்று பொருளல்ல, திட்டத்தை மாற்றிக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் மூன்று திட்டங்கள் வைத்திருக்கிறோம்.

நீர்வரத்து சில ஆயிரம் கனஅடியில் நிதானமாக இருந்தால் முழுத் திட்டம்: காலையில் ஒகேனக்கல், மாலையில் மேட்டூர். வெள்ளம் வடிந்தபின் வரும் வாரங்களும், மழைக்காலம் முடிந்து வெயில் ஏறாத மாதங்களும் இதற்கு ஏற்றவை. அருவியும் நிறைவாக விழும், பரிசலும் ஓடும்.

பல்லாயிரம் கனஅடி வந்தால் ஒகேனக்கல்லை விட்டுவிட்டு மேட்டூர் மட்டும். அணை நிரம்பி, உபரி நீர் 16 கண் மதகு வழியாக வெளியேறும் காட்சி இந்த நாட்களில் மட்டுமே கிடைக்கும். மதகுக்குச் சற்றுத் தள்ளி, காவல்துறை நிறுத்துகிற இடத்தில் நின்றாலே சாரல் முகத்தில் அடிக்கும். இதற்கு அரை நாள் போதும், செலவும் பாதிதான்.

கோடையில் நீர் நன்றாக வற்றியிருந்தால் அருவி மெலிந்துவிடும். ஆனால் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களை முழு உயரத்தில் பார்க்க அதுதான் காலம். அப்போது மேட்டூரில் வேறொன்றும் வெளிப்படும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் எச்சங்களான ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும், நீர்மட்டம் மிகவும் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும். அந்த நந்தி வெளியே தெரிகிறது என்று செய்தி வந்தால், பூங்காவைக் குறைத்துக்கொண்டு பண்ணவாடிக்கு நேரம் ஒதுக்குவேன்.

ஆடிப்பெருக்கன்று மட்டும் போவதில்லை. அன்று இரண்டு ஊர்களிலும் கூட்டம் அலைமோதும். பேருந்தில் நிற்க இடமிருக்காது, பரிசலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு அது நல்ல நாள், சிக்கனமாகச் சுற்றிப் பார்க்க அல்ல.

பள்ளத்தாக்கு முதலில், ஏரி பிறகு

வரிசையை மாற்றாதீர்கள். பரிசலுக்குக் காலை நேரமே நல்லது. பாறைகள் சூடேறியிருக்காது, வரிசை நீளமாக இருக்காது, பரிசல் ஓட்டுபவர்களும் களைத்திருக்க மாட்டார்கள். மேட்டூர் அணைப் பூங்காவுக்கோ வெயில் தாழ்ந்தபின் போவதுதான் சுகம். தவிர, இரவில் சேலம் திரும்ப ஒகேனக்கல்லைவிட மேட்டூரிலிருந்துதான் பேருந்து எளிதாகக் கிடைக்கும்.

சேலத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுவோம். தருமபுரி சுமார் 65 கிலோமீட்டர். பெங்களூரு நெடுஞ்சாலை என்பதால் அந்நேரத்திலும் பேருந்துக்குக் குறைவில்லை. தருமபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரத்தைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். பிள்ளைகளுக்கு ஜன்னல் ஓர இருக்கை பிடித்துக் கொடுங்கள். வளைவுகளில் குமட்டல் வருகிறவர்கள் தருமபுரியில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே பேருந்து நிலையத்தில் நிற்கிற முதல் வண்டியிலேயே ஏறிவிடாமல், நகரப் பேருந்து எது, எத்தனை மணிக்கு என்று நேரக் காப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் அதிகமுள்ள குடும்பத்துக்கு இது நல்ல சேமிப்பு. கூடுதலாகப் பிடிக்கும் நேரத்தை, விடியலில் கிளம்புவதால் ஈடுகட்டிவிடலாம்.

பரிசலில் எட்டு வைக்குமுன்

இந்தப் பயணத்தில் கையைக் கடிக்கும் ஒரே செலவு பரிசல்தான். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்பதில்லை, பரிசலுக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்திருக்கிறது. ஒரு பரிசலில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆகவே பரிசல் கணக்குக்கு ஏற்ற மாதிரி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனால் தலைக்கு விழும் பங்கு குறையும். இருவராகப் போனால், வரிசையில் நிற்கும் இன்னொரு சிறு குடும்பத்திடம் "சேர்ந்து போகலாமா?" என்று கேட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள்.

பேருந்திலிருந்து இறங்கியதும் இடைத்தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். யாரிடமும் விலை பேச வேண்டாம். நேரே பரிசல் துறைக்குப் போய், கட்டணப் பலகையைப் படித்து, சீட்டு வாங்கிக்கொண்டு, எந்த இடம் வரை கூட்டிப்போவார்கள், எவ்வளவு நேரம் என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உயிர்காப்பு மேலுடை கட்டாயம். பிள்ளைகளுக்குச் சரியான அளவில் இல்லையென்றால் கிடைக்கும்வரை காத்திருங்கள். தொளதொளவென்று தொங்கும் உடை தண்ணீரில் உதவாது.

பரிசல் என்பது மூங்கிலில் முடைந்த பெரிய கூடை மாதிரிதான். முன்பு தோல் போர்த்தினார்கள், பிறகு பிளாஸ்டிக் தாள் வந்தது. அடியில் தட்டையாக இருப்பதால் பாறைமேல் ஓரடித் தண்ணீர் ஓடினாலும் மிதக்கும். முனை இல்லாததால் சுழலில் மாட்டினாலும் ஒற்றைத் துடுப்பால் திருப்பிவிடலாம். பாறை குறுக்கிட்டால் நம்மை இறக்கிவிட்டு, பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். இவ்வளவு எளிய கலம் இந்த ஆற்றில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். எங்களைக் கூட்டிப்போன அண்ணன் ஒருவர் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "நடுவுல எந்திரிக்காதீங்க. படம் புடிக்கணும்னா சொல்லுங்க, நான் நிறுத்தறேன். எல்லாரும் ஒரு பக்கம் சாஞ்சா பரிசல் சொன்ன பேச்சு கேக்காது." அதற்குமேல் பாதுகாப்புப் பாடம் தேவையில்லை.

இருபுறமும் செங்குத்தாக நிற்கும் பாறைகளைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: ஒகேனக்கல்லில் உள்ள கார்பனடைட் வகைப் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை, உலகின் மிகப் பழைய கார்பனடைட்டுகளில் சேர்ந்தவை. என் அண்ணன் மகள் அதைக் கேட்டபின் அன்று முழுதும் பாறைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனும் சோறும்

மதியச் சாப்பாட்டில்தான் ஒகேனக்கல்லின் அருமையான ஏற்பாடு இருக்கிறது. மீன் கடையில் உங்களுக்குப் பிடித்த மீனை எடை போட்டு வாங்கி, அங்கே சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்தால், மசாலா அரைத்துக் குழம்பும் வறுவலுமாக ஆக்கித் தருவார்கள். சமையல் கூலி தனி. உணவகத்தில் ஆளுக்கொரு தட்டு வாங்குவதைவிட ஐந்தாறு பேருள்ள குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகும், ருசியும் கூடுதல். பரிசலுக்குப் போகுமுன் மீனைக் கொடுத்துவிட்டுப் போனால் திரும்பும்போது குழம்பு கொதித்திருக்கும். கூலி, எண்ணெய், சோறு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

காலைக்குப் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போவோம். பொட்டலத்தைக் குரங்குகள் கண்ணில் காட்டாதீர்கள், கைப்பையோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். வாய் மூடிய துணிப்பையும், ஆளுக்கொரு தண்ணீர்க் குடுவையும் போதும்.

குளிக்கிறவர்களுக்கு

எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் ஒகேனக்கல்லில் காலங்காலமாக இருக்கிறார்கள். உடல் வலியுள்ள பெரியவர்களுக்கு அந்தக் கை வேலை அருமையானது. எண்ணெயின் விலை, தேய்க்கிற கூலி இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். குளிப்பதற்கு அனுமதித்த இடத்தைத் தாண்டி ஓரடிகூடப் போகக் கூடாது. பாறையில் பாசி வழுக்கும், அதற்கப்பால் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. முதலைப் பண்ணை இருக்கிற ஊர் இது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோப்பும் ஷாம்பு பொட்டலமும் எடுத்துப் போகவே வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் கறையும் எலும்பில் நோவுமாக மக்கள் தவித்த பிறகு வந்ததுதான், 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். நாம் குளிக்கிற இந்த ஆற்றின் நீரைத்தான் அந்த இரண்டு மாவட்டங்களும் குடிக்கின்றன.

மேட்டூருக்கு

மதியம் இரண்டு மணிக்கு ஒகேனக்கல்லை விட்டுவிட வேண்டும். பென்னாகரம் ஏறி, அங்கிருந்து மேச்சேரி வழியாக மேட்டூர். மாறி ஏறுவதற்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நேரத்தைப் பற்றிக் கவலையில்லாத இளைஞர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: ஏரியூர்ப் பக்கம் போய் நாகமரையிலிருந்து நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து பண்ணவாடியில் இறங்கி, கொளத்தூர் வழியாக மேட்டூர் சேரலாம். உள்ளூர் மக்கள் அன்றாடம் போய்வரும் துறை அது. அன்று படகு ஓடுகிறதா என்று ஏரியூரிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். காற்று பலமாக அடித்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

மேட்டூர் அணை வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று அழைக்கப்படுகிறது. நீர்மட்டம் 120 அடியை எட்டினால் அணை நிரம்பியதாகக் கணக்கு. அப்போது 93.47 டிஎம்சி நீர் நிற்கும். வழக்கமாக ஜூன் 12-இல் இங்கே மதகு திறப்பதை நம்பித்தான் டெல்டாவில் குறுவை நடவு. காலையில் பரிசலுக்கடியில் ஓடிய தண்ணீர் தஞ்சாவூர் வயல் வரை போகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க, அணைப் பூங்காவின் புல்தரையைவிட நல்ல வகுப்பறை கிடையாது. பூங்காவுக்குள் போகச் சிறு கட்டணம்தான். பக்கத்திலேயே அணைக்கட்டு முனியப்பன் கோயில். விடுமுறை நாட்களில் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் குடும்பங்களால் அந்த இடம் நிறைந்திருக்கும். இருட்டுமுன் பேருந்து நிலையம் வந்துவிட்டால் சுமார் 50 கிலோமீட்டரில் சேலம்.

எங்கே சுருக்கலாம், எங்கே கூடாது

இந்தப் பயணத்தில் சுருக்க வேண்டிய செலவுகள் எவை என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்: வாடகைக் கார், தங்கும் அறை, பாட்டில் தண்ணீர், இடைத்தரகு, தடை நாளில் போய்த் திரும்பும் வீண் அலைச்சல். இவற்றை நீக்கினாலே செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

பரிசல் ஓட்டுபவரின் கட்டணத்திலும், மீன் சமைக்கும் அக்காவின் கூலியிலும், எண்ணெய் தேய்ப்பவரின் கூலியிலும் பேரம் பேசிச் சேமிக்காதீர்கள். ஆற்றில் வெள்ளம் வந்து தடை விழுந்தால் நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போகிறது. அவர்களுக்கு வாரக்கணக்கில் அடுப்பு எரிவதில்லை. நீர் அடங்கிப் பரிசல் ஓடுகிற நாட்களில் கிடைப்பதை வைத்துத்தான் ஆண்டை ஓட்டுகிறார்கள். தண்ணீரைப் பார்த்துத் தேதி குறித்து நாம் மிச்சப்படுத்திய பணத்தில், அவர்களுக்கு உரியதைக் குறையாமல் கொடுத்துவிட்டு வரலாம். சிக்கனப் பயணம் என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.