டோனி ஜாக்லினைப் பற்றிக் கேட்ட வாசகருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டே இரண்டு பெரிய பட்டங்கள், 28 வயதுக்குமேல் அதுவும் இல்லை. இப்படி ஒருவரை இங்கிலாந்து கோல்ஃப் உலகம் ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் ஜாக்லினின் கணக்கை நீங்கள் 1972-லேயே முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதனால்தான் தனியாக எழுதாமல், எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

அந்த 1972-ஐ முதலில் பேசிவிடலாம். ஸ்காட்லாந்தில் மியூர்ஃபீல்ட் மைதானம். ஓப்பன் சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள். ஜாக்லினும், முந்தைய ஆண்டு சாம்பியனான அமெரிக்கர் லீ ட்ரெவினோவும் சேர்ந்து ஆடுகிறார்கள். 17ஆவது குழிக்கு வரும்போது இருவரும் சமம். நீளமான குழி அது. 5 ஷாட்டில் பந்தைக் குழிக்குள் போட்டால் கணக்குச் சரி, அதற்குப் பெயர் பார். ட்ரெவினோ முதல் ஷாட்டையே மணல் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டார். அங்கிருந்து வெளியே வந்து, புல்லுக்குள் சிக்கி, நாலாவது ஷாட்டில் குழியைச் சுற்றியுள்ள கிரீனையும் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டார். ஜாக்லினோ 3 ஷாட்டில் கிரீனுக்கு வந்துவிட்டார். பந்துக்கும் குழிக்கும் நடுவே பதினைந்து, பதினெட்டு அடி தூரம் இருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கோப்பை ஜாக்லினுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ட்ரெவினோவும் அப்படித்தான் நினைத்தார். நின்று நிதானித்து அளவெடுக்கவில்லை. பந்தின் பக்கம் போனார், சிப் எனப்படும் சிறு ஷாட் ஒன்றை அடித்தார். பந்து உருண்டு வந்து நேராகக் குழிக்குள் விழுந்தது.

இப்போது ஜாக்லினின் முறை. கிரீனில் பந்தை உருட்டித் தட்டுவதற்குப் பெயர் பட். முதல் பட்டைக் குழிக்குள் போட்டுவிடவேண்டும் என்ற வேகத்தில் தட்டினார். பந்து குழியைத் தாண்டி மூன்றடி தூரம் போய் நின்றது. திரும்பி வர வேண்டிய அந்த மூன்றடி பட்டும் தவறியது. எதிராளிக்கு 5, இவருக்கு 6. அடுத்த குழியிலும் ஒரு ஷாட் போயிற்று. கடைசியில் ட்ரெவினோ 278, அமெரிக்கர் ஜாக் நிக்லஸ் 279, ஜாக்லின் 280. வெல்ல வேண்டியவர் மூன்றாமிடம். முந்தைய நாளும் ட்ரெவினோவுக்கு இதே போலத்தான் நடந்தது: 14 முதல் 18 வரை ஐந்து குழிகளிலும் தொடர்ந்து பேர்டி (பாரைவிட ஒரு ஷாட் குறைவு), அதில் 16இல் மணலிலிருந்து நேரே குழிக்குள், 18இல் ஒரு சிப் குழிக்குள். அன்று ஜாக்லின் எடுத்த 67 ஒன்றும் சாதாரண ஸ்கோர் இல்லை, ட்ரெவினோ 66.

தனக்குள் ஏதோ ஒன்று அன்று உடைந்துபோய்விட்டது, அதற்குப் பிறகு தான் பழைய ஆளாகவே இல்லை என்று ஜாக்லினே பல முறை சொல்லியிருக்கிறார். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முதல் பட்டை அவர் பயந்து அடிக்கவில்லை, ஜெயிக்க அடித்தார். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடைந்தது எது என்று புரியவேண்டுமானால், அதற்கு முன் அவர் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருந்தது என்று பார்க்கவேண்டும். ஸ்கந்தோர்ப் ஓர் உருக்காலை ஊர். தொழிலாளி வீட்டுப் பிள்ளை. கோல்ஃப் அப்போது அங்கே வசதியான வீட்டாரின் ஆட்டம். 1962இல் தொழில்முறை ஆட்டக்காரராகி, லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் கிளப்பில் உதவியாளராகச் சேர்ந்தார். அமெரிக்காவுக்குப் போனால் எடுபடமாட்டோம் என்று மற்ற பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் தயங்கிய காலத்தில், இவர் போய் 1968இல் ஜாக்சன்வில் ஓப்பனை வென்றார். 1969இல் ராயல் லித்தம் மைதானத்தில் ஓப்பன் சாம்பியன். 1951இல் மாக்ஸ் ஃபாக்னர் வென்ற பிறகு அந்தக் கோப்பை ஒரு பிரிட்டிஷ்காரர் கைக்கு வந்ததே இல்லை.

1970இல் மினசோட்டாவின் ஹேசல்டைனில் அவர் ஆடிய யூஎஸ் ஓப்பன் இன்னும் பெரியது. முதல் நாள் காற்று பேயாய் வீசியது. நிக்லஸ் 81, கேரி பிளேயர் 80, அர்னால்ட் பால்மர் 79. காற்றில் ஆடியே வளர்ந்த ஜாக்லின் 71. அடுத்த மூன்று நாளும் 70, 70, 70. ஏழு ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். நாலு நாள் மொத்தத்தில் பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான். அதன்பின் ஐரோப்பியர் ஒருவர் அந்தப் பட்டத்தை வெல்ல 40 ஆண்டுகள் ஆயின.

இந்த இரண்டு பட்டங்களுக்கும் நடுவே, 1969 செப்டம்பரில் பெர்க்டேலில் நடந்தது ரைடர் கோப்பை. அப்போது பிரிட்டனும் அமெரிக்காவும் அணிகளாக மோதும் போட்டி அது, பிற்பாடு பிரிட்டனின் இடத்தில் ஐரோப்பிய அணி வந்தது. கடைசி ஜோடி ஜாக்லினும் நிக்லஸும். மொத்தக் கோப்பையும் அவர்களுடைய 18ஆவது குழியில் வந்து நிற்கிறது. போகிற வழியில் நிக்லஸ் பயமாக இருக்கிறதா என்று கேட்க, ஜாக்லின் நடுங்குகிறேன் என்றார். எனக்கும் அப்படித்தான் என்றார் நிக்லஸ். நிக்லஸ் தன் பட்டைப் போட்டு முடித்தார். ஜாக்லினுக்கு இரண்டடி தூரம் பாக்கி. அதை அடிக்கவிடாமலே நிக்லஸ் அவர் பந்து அடையாளத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். நீங்கள் தவறவிட மாட்டீர்கள், ஆனாலும் அந்த வாய்ப்பை உங்களுக்குத் தரமாட்டேன் என்பதுபோல் சொன்னார். 16-16, சமன். அமெரிக்க கேப்டன் சாம் ஸ்னீடுக்கு இது பிடிக்கவே இல்லை. எனக்கு அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிகப் பிடித்த நிமிஷம் இது.

நீங்கள் விட்டுவிட்ட பாதி இனிமேல்தான். 1981 ரைடர் கோப்பைக்கு ஜாக்லினை ஐரோப்பிய அணியில் சேர்க்கவில்லை. மனம் வெறுத்துப்போயிருந்தார். 1983இல் கேப்டனாக வருகிறீர்களா என்று கேட்டபோது நிபந்தனைகளை அடுக்கினார். அணி கான்கார்ட் விமானத்தில் போகவேண்டும், ஆட்டக்காரர்கள் தங்கள் கேடிகளை (மட்டைப் பை சுமக்கும் உதவியாளர்களை) அழைத்துவரலாம், நல்ல உடைகள் வேண்டும், அணி கூடி உட்கார ஓர் அறை வேண்டும். ஆடம்பரம் என்று சிலர் நினைத்திருக்கலாம். எதிரணி முதல் வகுப்பில் வந்து இறங்க, தன் அணியினர் பொருந்தாத சட்டையோடு இரண்டாந்தர விருந்தாளிபோல் நிற்கிற அவமானத்தை ஆட்டக்காரராக ஏழு முறை அனுபவித்தவர் அவர். முதல் ஷாட்டுக்கு முன்பே தோற்றுவிடுவது எப்படி என்று அவருக்கு அத்துப்படி.

இன்னொரு காரியமும் செய்தார். ஸ்பெயினின் செவே பாலஸ்டெரோஸும் 1981இல் ஒதுக்கப்பட்டவர்தான். பணத் தகராறில் நிர்வாகத்தோடு முகம் கொடுத்துப் பேசாமலிருந்தார். ஜாக்லின் ஓர் ஓட்டலில் காலைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துப் பேசி, நீங்கள் இல்லாமல் என்னால் முடியாது என்று அழைத்துவந்தார். ஒதுக்கப்பட்டவர் ஒதுக்கப்பட்டவரிடம் போய்க் கேட்டதால்தான் அது நடந்தது என்று நினைக்கிறேன்.

1983 ஃபுளோரிடாவில் ஒரே புள்ளியில் தோல்வி. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் செவே வந்து, இது வெற்றி, கொண்டாட வேண்டியது என்றாராம். 1985இல் இங்கிலாந்தின் பெல்ஃப்ரியில் ஜெயித்தார்கள். 1957க்குப் பிறகு முதல் வெற்றி. 1987இல் ஒஹையோவில் 15-13. அமெரிக்க மண்ணில் அமெரிக்கா ரைடர் கோப்பையில் தோற்றது அதுவே முதல் தடவை. எதிரணி கேப்டன் நிக்லஸ். மைதானமும் அவர் கட்டியதுதான், பெயர் மியூர்ஃபீல்ட் வில்லேஜ். 1988இல் மனைவி விவியன் மூளையில் ரத்தம் கசிந்து திடீரென இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடும் 1989இல் அணியை நடத்தி, 14-14 என்று சமன்செய்து கோப்பையை ஐரோப்பாவிலேயே வைத்துவிட்டு ஜாக்லின் விலகினார். அதற்கு முன் அமெரிக்காவின் சொத்துபோல் இருந்த அந்தக் கோப்பை, 1985 முதல் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் இருக்கிறது.

ஆட்டக்காரராக அவர் 1972இல் முடிந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபால்டோ, லாங்கர், வூஸ்னம் எல்லோரும் அமெரிக்கர்களை நேருக்கு நேர் பார்த்து ஆடிய அணியைக் கட்டியவர் அவர்தான். இதையும் சேர்த்துக்கொண்டுதான் அவருடைய தொழில் வாழ்க்கையைச் சொல்லவேண்டும்.

1987 கடைசி நாள் ஆட்டத்தின் படம் எங்காவது கிடைத்தால் தேடிப் பாருங்கள். முடிந்ததும் ஐரோப்பிய அணியின் இளைஞர் ஒலாசாபல் கிரீனிலேயே ஆடுகிற நடனத்தைத் தவறவிடாதீர்கள். பார்த்தபின் உங்கள் கருத்தை எழுதுங்கள். அப்போதும் நீங்கள் மறுத்தால் இன்னொரு கடிதம் எழுதத் தயார்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்