அடுக்களைப் புகையும் பிறக்கும் குழந்தையின் எடையும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வெள்ளறடை முதலிய சிற்றூர்களில், எரிவாயு வந்த பின்னரும் விறகடுப்பு அணைந்துவிடவில்லை. ரப்பர்த் தோட்டத்துச் சுள்ளியும், தென்னை மட்டையும், கதம்பையும் விலையின்றிக் கிடைப்பவை. ஆகவே சோறு வடிக்கவும் வெந்நீர் காய்ச்சவும் விறகே பயன்படுகிறது. சிறு விவசாயிகள் சிலர் ரப்பர் ஷீட்டுகளை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் உலர்த்துவதும் உண்டு. அவ்வடுக்களையில் கர்ப்பிணி ஒருத்தி நாள்தோறும் சில மணி நேரம் நிற்பாளாயின், வயிற்றிலுள்ள சிசுவுக்கு நேர்வது யாது?

விறகுப்புகையில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை. ஒன்று கார்பன் மோனாக்சைடு. இவ்வாயு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும் இயல்புடையது. அதனால் சிசுவுக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறைகிறது. மற்றொன்று 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள். இது நுரையீரலின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடும். பெல்ஜியத்து ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் 2019-இல் நஞ்சுக்கொடியை ஆராய்ந்து, சிசுவின் பக்கத்திலேயே கரித்துகள்கள் இருக்கக் கண்டனர். அங்கு ஆராய்ந்தது வெளிக்காற்றின் கரியே எனினும், வழி ஒன்றே. (மலையாளத்தார் நஞ்சுக்கொடியை மறுபிள்ளை என்பர். தமிழில் நஞ்சு என்பதற்கு விஷம் என்னும் பொருளும் உண்டாதலின், எல்லையூர்ப் பெண்களிடம் எச்சொல்லை ஆள்வது என்பதில் கவனம் தேவை.)

தமிழ்நாட்டிலேயே அளவெடுத்த சான்று உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், நகரிலும் கிராமத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் முடிவு வெளியிட்டனர். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடுந்தோறும் பிறப்பெடை சுமார் 4 கிராம் குறைகிறது என்பது அது. பின்னர் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு சோதனை நடைபெற்றது. குலுக்கல் முறையில் ஒரு சாராருக்கு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக அளிக்கப்பட்டன. மற்றவர் விறகு முதலியவற்றிலேயே சமைத்தனர். முன்னவர் சுவாசித்த காற்றில் நுண்துகள் சுமார் 24 மைக்ரோகிராம். பின்னவர்க்குச் சுமார் 71. புகை மூன்றிலொன்றாயிற்று. எனினும் 2022-இல் வெளிவந்த முடிவின்படி, சராசரிப் பிறப்பெடை முறையே 2,921 கிராமும் 2,898 கிராமும் ஆகும். இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே.

இதனால் புகை தீங்கற்றது என முடிவுகட்டலாகாது. முந்திய கணக்கின்படி, 47 மைக்ரோகிராம் குறைந்தால் சுமார் 19 கிராமே கூடவேண்டும். கிடைத்ததும் ஏறக்குறைய அவ்வளவே. அன்றியும், அப்பெண்கள் சோதனையில் சேர்ந்தது கர்ப்பத்தின் 9 முதல் 20 வாரங்களுக்குள். அதற்கு முந்திய புகை உட்சென்றதே.

ஆதலின், எரிவாயு வாங்கினால் குழந்தை கனத்துப் பிறக்கும் என்று கள ஊழியர் வாக்களித்தல் கூடாது. அவ்வாக்குப் பொய்த்தால், இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி அவர் சொல்வதையும் ஊரார் நம்பமாட்டார். இரத்தசோகையோ பிறப்பெடையைக் குறைக்கும் பெருங்காரணங்களுள் ஒன்று. முதல் 12 வாரங்களுக்குள் பெயர் பதியும்போதே அடுப்பைப் பற்றியும் கேட்டறிவது முறை. ஆசிரியர்கள், ஈரமான வெள்ளைத் துணியை அடுப்பருகே ஒரு வேளை கட்டிவைத்து, படிந்த கரியை வகுப்பில் காட்டலாம். நுண்துகள் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

விறகை விட இயலாத வீட்டில் வெந்நீர் அடுப்பையேனும் வெளியே மாற்றலாம். ஷீட்டைத் திருப்பும் வேலையை வேறொருவர் ஏற்கலாம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய பரிஷத் அடுப்பு போன்ற புகைபோக்கி அடுப்பு இருக்குமாயின், குழாயில் படிந்த கரியை அவ்வப்போது தட்டி எடுக்கவேண்டும். குழாய் அடைபட்டால் புகை மீண்டும் அடுக்களைக்கே திரும்பும்.